சித்திரைப் பிரசவத்துக்குத் துணி எடுத்த கடை

வேலூர் லாங் பஜார் பக்கம் பச்சிளங்குழந்தைத் துணிக்கென்றே ஒரு சின்னக் கடை. உள்ளே போனதும் கடைக்கார அம்மா, "எந்த மாசம் பிரசவம்?" என்று கேட்டார். மகளுக்குச் சித்திரைக் கடைசி என்றேன். மேசைமேல் கிடந்த தொப்பி வைத்த போர்வைகளை ஒதுக்கிவிட்டு மல் துணியை விரித்தார். ஐப்பசி, கார்த்திகை என்றால் ஃபிளானல் எடுத்துக் கொடுப்பாராம். மழையில் துணி காயாது என்று துண்டும் இரண்டு மடங்கு வாங்கச் சொல்வாராம்.

எங்கள் ஊர் வெயிலுக்கு இதைக் கேட்டுத்தான் ஆக வேண்டும். ஆடியில் கரு தங்கினால் அக்னி நட்சத்திரத்தை ஒட்டிப் பிரசவம் வரும் என்றுதானே புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைக்கிறோம்? மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் பெங்களூரில் வேலை, லீவு கிடைக்கவில்லை, அழைக்க முடியவில்லை. வெயிலுக்குக் கரு தங்குவதிலேயே பங்கு உண்டு போலிருக்கிறது. அமெரிக்காவில் 1931 முதல் 2010 வரை பிறப்புக் கணக்கைப் பார்த்திருக்கிறார்கள். கடும் வெயில் நாட்கள் கூடினால், அதிலிருந்து 8 முதல் 10 மாதத்தில் பிறப்பு குறைகிறதாம்.

சரி, துணிக்கு வருகிறேன். மல் துணியை வெளிச்சத்தில் பிடித்தால் பின்னால் இருக்கும் விரல் தெரியும், அவ்வளவு மெல்லிசு. துவைக்கத் துவைக்க இன்னும் மெத்தென்று ஆகிறது. காலையில் அலசிப் போட்டால் அடுத்த முறை மாற்றுவதற்குள் காய்ந்துவிடும். குழந்தை பிறந்ததும் உறவுக்காரர் ஒருவர் வெல்வெட் கவுன் கொண்டுவந்து ஆசையாகப் போட்டுவிட்டார். கொஞ்ச நேரத்தில் கழுத்து மடிப்பில் செக்கச்செவேலென்று வேர்க்குரு. பிறந்த குழந்தைக்கு வியர்வை வெளியேறும் வழி எளிதில் அடைத்துக்கொள்ளும், பெரியவர்கள் மாதிரி உடம்புச் சூட்டைத் தணிக்கவும் அதற்குத் தெரியாது. மல் துணி ஜப்லாவுக்கு (கயிறு முடிந்து போடும் குழந்தைச் சட்டை) மாற்றி, பவுடர் எதுவும் போடாமல் விட்டோம்; தானாக அடங்கியது.

குறையும் உண்டு. ஜப்லாவின் முடிச்சுக் கயிறு பலமில்லை, போடுவதற்கு முன்னால் ஒரு தையல் போட்டுக்கொள்ளுங்கள். கலர் துணி முதல் துவைப்பில் சாயம் விட்டது, வெள்ளையே எடுங்கள். ரெக்சின் மெத்தை செட் கேட்டேன். "வெயில் காலத்துக்கு வேண்டாம்மா, முதுகு வெந்துடும். வீட்டுல பழைய பருத்திப் புடவை இருந்தா தூளி கட்டுங்க" என்றார். விற்கிற பொருளையே வேண்டாம் என்று சொல்ல எத்தனை பேருக்கு மனசு வரும்!

கடையில் உட்கார ஒரே ஒரு ஸ்டூல்தான். நிறைமாதப் பெண்ணை அழைத்துப் போகாதீர்கள், வீட்டுப் பெரியவர் யாராவது போய் எடுத்து வந்தால் போதும்.