மோட் மாறியதைச் சொல்ல: டயலாக் பெட்டியா, கர்சர் அருகே ஒரு வரியா?

நாங்கள் செய்துவரும் சின்ன எடிட்டருக்காக (எழுதும் மென்பொருள்) இதை முடிவு செய்ய வேண்டியிருந்தது. கை தவறி இன்செர்ட் விசை பட்டு ஓவர்டைப்புக்கு, அதாவது அடிக்கும் எழுத்து ஏற்கெனவே உள்ளதை அழிக்கும் மோடுக்குப் போய்விட்டாலோ, திருத்தங்களைக் குறித்துக்காட்டும் டிராக் சேஞ்சஸ் அணைந்துவிட்டாலோ பயனருக்கு எப்படித் தெரிவிப்பது? டயலாக் பெட்டி போட்டுக் கேட்கலாம், திரையின் அடியில் உள்ள ஸ்டேட்டஸ் பாரில் குறி காட்டலாம், கர்சர் பக்கத்திலேயே ஒரு வரி காட்டி மறையவிடலாம். நான் கடைசி வழியின் கட்சி. அதைத்தான் வைத்தோம்.

ஸ்டேட்டஸ் பார் குறி இருந்துவிட்டுப் போகட்டும், யாரையும் தொந்தரவு செய்யாது. ஆனால் மும்முரமாக அடிப்பவரின் கண் அங்கே போவதில்லை. லிப்ரே ஆபீஸ் ரைட்டர் கூடவே கர்சரையும் கட்டையாக மாற்றிவிடுகிறது. கண் இருக்கும் இடத்துக்கே சேதி வருவதால் அது எவ்வளவோ மேல்.

டயலாக்தான் பாதுகாப்பு என்று பலரும் சொல்வார்கள். "மேலெழுதும் நிலைக்கு மாறுகிறீர்கள். தொடரவா?" என்று நடுத்திரையில் கேட்டால் எப்படித் தவறவிடுவது? தாராளமாகத் தவறவிடலாம், ஏனென்றால் கை நிற்பதில்லை. பேக்ஸ்பேஸைத் தேடிப் போன விரல் இன்செர்ட்டில் படுகிறது, பெட்டி திறக்கிறது, அதற்குள் அடுத்த ஸ்பேஸ் விழுந்துவிடுகிறது. ஃபோகஸ், அதாவது விசை அழுத்தம் போய்ச் சேரும் இடம், 'ஆம்' பட்டனில் இருந்தால் அந்த ஸ்பேஸே சம்மதம். ஏதோ மின்னி மறைந்தது மட்டும்தான் தெரியும். சரி, ஃபோகஸை 'இல்லை'யில் வைத்தால்? தெரிந்தே மோட் மாற்றுபவர் ஒவ்வொரு முறையும் பல்லைக் கடிப்பார், ஒருநாள் 'இனி காட்டாதே'யில் டிக் அடிப்பார். அத்தோடு எச்சரிக்கைக்கு முழுக்கு. வேர்டின் இப்போதைய பதிப்புகள் இந்தக் கேள்வியையே தவிர்க்கின்றன: ஆப்ஷன்ஸில் போய் இயக்கினால் ஒழிய இன்செர்ட் விசை மோடை மாற்றாது. கேட்டுத் தொல்லை செய்வதைவிட அது புத்திசாலித்தனம்.

கர்சர் பக்க வரி ஃபோகஸைப் பறிப்பதில்லை, அடிப்பது அடித்தபடியே போகும். இங்கே வாசகம்தான் முக்கியம். "ஓவர்டைப் மோட் செயல்படுத்தப்பட்டது" என்பதால் யாருக்கு என்ன லாபம்? நாங்கள் எழுதியது: "இனி அடிப்பது வலப்பக்க எழுத்தை அழிக்கும். திரும்ப: இன்செர்ட்." என்ன ஆகும், எப்படி மீள்வது, அவ்வளவே. அந்த வரி நேரத்தை மட்டும் வைத்து மறையாது; மேற்கொண்டு சில எழுத்துகள் அடித்த பிறகே போகும். தாளைப் பார்த்து அடிப்பவர் நிமிர்ந்து பார்க்கும்போது அது அங்கே இருக்க வேண்டுமே. அழிந்துபோனதை ஒரே அன்டூவில் மீட்கவும் முடிய வேண்டும், இல்லாவிட்டால் எந்த எச்சரிக்கையும் வீண்.

டிராக் சேஞ்சஸ் கதை கொஞ்சம் வேறு. கூகுள் டாக்ஸில் திருத்தங்களைப் பரிந்துரைகளாகக் காட்டும் சஜெஸ்டிங்குக்குப் போனால் அடிப்பதெல்லாம் வண்ணத்தில் வந்து தன்னைத்தானே காட்டிக்கொடுத்துவிடும். ஆபத்து திரும்பி வரும் வழியில்தான், அங்கே திருத்தம் தடயமின்றிக் கலந்துவிடும். எனவே அணைக்கும்போது மட்டும் சொல்கிறோம்: "இனிச் செய்யும் திருத்தங்கள் பதிவாகாது." ஒப்பந்தம் போன்ற ஆவணம் என்றால் வரியும் போதாது, டயலாக்கும் போதாது, வேர்டில் உள்ளதுபோல டிராக்கிங்கைக் கடவுச்சொல் போட்டுப் பூட்டிவிடுவதே வழி.

திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் ஸ்கிரீன் ரீடர் பயன்படுத்துபவர்களுக்கு இந்த முடிவு பொருந்தும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். அங்கே எங்கள் சோதனை குறைவு. ஃபோகஸ் மாறாத வரியைத் தனியாக அறிவிக்க ஏற்பாடு செய்யாவிட்டால் அது அவர்கள் காதுக்கு எட்டாமலே போகும். அந்த ஒரு இடத்தில் டயலாக்குக்கு இன்னும் நியாயம் இருக்கிறது.