டூ-டூ வாங்கிவிட்டு கரியர்ஸ் சேவையிடம் போனால் என்ன கிடைக்கும்? என் அனுபவம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது இங்கிலாந்தில் இளநிலைப் பட்டம் முடித்து, கையில் டூ-டூவோ தேர்டோ, அதாவது பட்டத்தின் கீழ்நிலை கிளாஸ்களில் ஒன்றை வைத்துக்கொண்டு, இதை யாரிடம் போய்ப் பேசுவது என்று தெரியாமல் இருக்கும் பிள்ளைகளுக்காக எழுதுவது. நான் சிவில் இன்ஜினியரிங் படித்த பல்கலைக்கழகத்தின் கரியர்ஸ் சேவையை, அதாவது வேலை தேட ஆலோசனை தரும் பிரிவை, ஒன்றரை வருடம் விடாமல் பயன்படுத்தியிருக்கிறேன். எந்தப் பல்கலைக்கழகம் என்று எழுதவில்லை, வேறு ஊர்களில் படித்த நண்பர்கள் சொல்வதைக் கேட்டால் அங்கேயும் ஏறக்குறைய இதே கதைதான். இந்தச் சேவைக்கு நான் தரும் மதிப்பெண் 5க்கு 3.5. உதவி உண்மையாகவே கிடைத்தது, ஆனால் அது கிடைக்கும் இடத்துக்குப் போய்ச் சேர எனக்கு நான்கு மாதம் ஆனது.

நம் ஊரில் இருப்பவர்களுக்கு ஒரு விளக்கம். இங்கே 70க்கு மேல் ஃபர்ஸ்ட், 60 முதல் 69 வரை டூ-ஒன், 50 முதல் 59 வரை டூ-டூ, 40 முதல் 49 வரை தேர்ட். என்னுடையது 56.7. அம்மாவிடம் போனில் சொன்னபோது, "செகண்ட் கிளாஸ்தானே கண்ணா, அதுக்கு ஏன் குரல் இப்படி இருக்கு?" என்றார். 60 வந்தாலே ஃபர்ஸ்ட் கிளாஸ் என்று பழகிய வீடு, அதிலிருந்து மூன்று சொச்சம் குறைந்தால் என்ன பெரிய விஷயம் என்று அவருக்குத் தோன்றியது நியாயம்தான். இங்கே செகண்ட் கிளாஸையே மேல், கீழ் என்று இரண்டாகப் பிரித்து, அந்தப் பிரிவின் நடுவில்தான் வேலை கொடுக்கும் கம்பெனிகள் பல வருடமாகக் கோடு போட்டு வைத்திருந்தன என்பதை அவருக்குப் புரியவைக்க எனக்கு அன்று மனசு வரவில்லை.

மாணவர்கள் நடுவே இந்த டூ-டூவுக்கு 'டெஸ்மண்ட்' என்று ஒரு பட்டப்பெயர் உண்டு, பேராயர் டெஸ்மண்ட் டூட்டுவின் பெயரை வைத்து. வகுப்பில் எல்லோரும் சிரித்துக்கொண்டே சொல்லும் பெயர். ரிசல்ட் வந்த அன்று அது நம் மேல் விழும்போதுதான் வலி தெரியும். எங்கள் வீட்டில் ஐந்து பேர் தங்கியிருந்தோம், மூன்று பேருக்கு டூ-ஒன், ஒருவனுக்குத் தேர்ட், எனக்கு இது. தேர்ட் வாங்கியவன் அன்று இரவே வாட்ஸ்அப் குழுவிலிருந்து வெளியேறினான். அடுத்த நான்கு மாதம் அவன் ஒரு வேலைக்குக்கூட விண்ணப்பிக்கவில்லை. அதுவரை எந்தக் கம்பெனியும் அவனை வேண்டாம் என்று சொல்லியிருக்கவில்லை, அவனே தன்னை வேண்டாம் என்று சொல்லிக்கொண்டான். குறைந்த கிளாஸ் வாங்கிய மாணவர்களுக்கு நடக்கும் பெரிய சேதம் இதுதான் என்று நான் நினைக்கிறேன். கரியர்ஸ் சேவை இவர்களைத் தேடிப் போவதில்லை, யாராவது கதவைத் தட்டினால்தான் திறக்கிறது என்பது என் முதல் குறை. எங்கள் பல்கலைக்கழகத்தில் டூ-ஒன்னுக்குக் கீழே வாங்கியவர்களுக்கென்று வருடத்துக்கு ஒரே ஒரு பயிலரங்கு. போனால் மொத்தம் ஆறு பேர் உட்கார்ந்திருந்தோம், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

நான் முதலில் அங்கே போகாமல் நானே விண்ணப்பித்துப் பார்த்தேன். அந்த ஆன்லைன் படிவங்களை நிரப்பியவர்களுக்குத் தெரியும், பெயர், முகவரி, விசா எல்லாம் முடிந்ததும் டிகிரி கிளாஸ் என்று ஒரு பெட்டி வரும். அதை அழுத்தினால் ஃபர்ஸ்ட், டூ-ஒன், டூ-டூ, தேர்ட் என்று இறங்கும். டூ-டூவைத் தேர்ந்தெடுத்துவிட்டு, அதற்கப்புறம் 'ஏன் இந்த நிறுவனம்' என்ற கேள்விக்கு 400 சொல்லில் ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து பதில் எழுதி, இரவு 11.50க்கு அனுப்பினேன். 11.54க்கு மறுப்பு மெயில் வந்துவிட்டது. நான்கு நிமிடத்தில் யாரும் படித்திருக்க முடியாது. நான் எழுதிய ஒரு வரிகூட மனிதக் கண்ணில் படவில்லை என்பது அன்று இரவு எனக்கு மதிப்பெண்ணைவிடப் பெரிய அவமானமாக இருந்தது.

அப்புறம்தான் கரியர்ஸ் ஆபீஸ். முதல் சந்திப்பு 20 நிமிடம், பொதுவான ஆலோசகர் ஒருவர். அன்பாகப் பேசினார், கவலைப்படாதே என்றார், மதிப்பெண் மட்டுமே வாழ்க்கை இல்லை என்றார். ஒரு ரெஸ்யூமே மாதிரியையும் கொடுத்தார், அதில் பெயருக்கு அடுத்த வரியிலேயே டிகிரி கிளாஸைத் தடித்த எழுத்தில் போடச் சொல்லியிருந்தது! அந்த மாதிரி டூ-ஒன் வாங்கியவர்களை மனதில் வைத்துத் தயாரித்தது, என் கையில் அதைக் கொடுப்பதற்கு முன் யாரும் ஒருமுறை யோசிக்கவில்லை. இந்தச் சந்திப்புக்கு 5க்கு 1 தருவேன், அந்த 1 அவருடைய பொறுமைக்காக.

நான்கு மாதம் கழித்து, ஒரு சீனியர் அண்ணா சொல்லித்தான் தெரிந்தது, இன்ஜினியரிங் துறைக்கென்றே தனி ஆலோசகர் இருக்கிறார் என்று. அவரிடம் கிடைத்த 40 நிமிடத்துக்காகத்தான் இந்த விமர்சனத்தையே எழுதுகிறேன். "மார்க் ஷீட் கொண்டுவந்தாயா?" என்பதுதான் அவர் முதல் கேள்வி. பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். மஞ்சள் ஹைலைட்டரை எடுத்து ஒவ்வொரு பாடமாகப் போனார். எங்கள் படிப்பில் முதல் வருடம் கணக்கில் வராது, இரண்டாம் வருடத்துக்கு மூன்றில் ஒரு பங்கு, கடைசி வருடத்துக்கு மூன்றில் இரண்டு பங்கு. இரண்டாம் வருடம் என் சராசரி 50, அந்த வருடம்தான் அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தார், நான் இரண்டு முறை ஊருக்குப் போய் வந்தேன். கடைசி வருடம் 60. கடைசி வருட ப்ராஜெக்டில் 68. "கடைசி வருடத்தை மட்டும் எடுத்தால் நீ டூ-ஒன் தரத்தில் இருக்கிறாய், இது உன் ரெஸ்யூமேயில் எங்கே?" என்று கேட்டார். எங்கேயும் இல்லை. மாதக்கணக்கில் என் கையிலேயே இருந்த தாளை நான் அப்படி ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

அன்று ரெஸ்யூமேயைத் தலைகீழாக மாற்றினோம். வாகன நிறுத்தத்தில் விழும் மழைநீரை எப்படி வடியவைப்பது என்ற என் ப்ராஜெக்ட் மேலே வந்தது, அதற்குக் கீழே கடைசி வருடச் சராசரி, அதற்கும் கீழே பட்டமும் கிளாஸும், சாதாரண எழுத்தில், மறைக்காமல். மறைக்காமல் என்பதை அழுத்திச் சொல்கிறேன். கிளாஸை எழுதாமல் விட்டுவிடலாமா என்று நான் கேட்டதற்கு, ரெஸ்யூமேயில் விடுவது உன் இஷ்டம், ஆனால் படிவத்தில் கேட்டால் உள்ளதைத்தான் எழுத வேண்டும் என்றார். இங்கே ஹெட் என்று ஒரு சரிபார்ப்புச் சேவை இருக்கிறது, வேலை கொடுப்பவர்கள் அதில் நம் பட்டத்தையும் கிளாஸையும் பல்கலைக்கழகத்திடமிருந்தே உறுதி செய்துகொள்ளலாம். டூ-டூவை டூ-ஒன் என்று எழுதி வேலை வாங்குவது மோசடிச் சட்டத்தின்கீழ் குற்றம், விசாவில் இருப்பவர்களுக்கு அதன் விளைவு இன்னும் மோசம். 'ரவுண்ட் பண்ணிப் போடு' என்று அறிவுரை சொல்லும் நண்பர்கள் எல்லோருக்கும் உண்டு, தயவுசெய்து கேட்காதீர்கள்.

வேலை கொடுப்பவர்கள் பக்கத்தையும் அவர்தான் விளக்கினார், இதை எல்லா மாணவர்களுக்கும் முதல் வருடத்திலேயே சொல்லலாம். ஒரு இடத்துக்கு நூற்றுக்கணக்கில் விண்ணப்பம் வரும்போது, சீக்கிரமும் செலவில்லாமலும் ஆளைக் குறைக்க டூ-ஒன் ஒரு சல்லடை, அவ்வளவுதான். நம் ஊர் கேம்பஸ் இன்டர்வியூவில் பத்தாவது, பன்னிரண்டாவது, டிகிரி எல்லாவற்றிலும் 60 சதவீதம் கேட்பதைப்போல. இன்னொரு பக்கம், இங்கிலாந்தில் ஃபர்ஸ்ட் வாங்குபவர்கள் 2010-11இல் ஆறில் ஒருவர் அளவில் இருந்தார்கள், பத்து வருடத்தில் அது மூன்றில் ஒருவருக்கும் மேலே போனது. பெரும்பாலானவர்கள் ஃபர்ஸ்டும் டூ-ஒன்னும் வாங்கும்போது டூ-டூ ஒரு காலத்தில் இருந்ததைவிட இப்போது தனியாகக் கண்ணில் படுகிறது. அதே பத்து வருடத்தில் சல்லடையும் தளர்ந்திருக்கிறது என்பதுதான் மாணவர்கள் கவனிக்காத விஷயம். இன்ஸ்டிட்யூட் ஆஃப் ஸ்டூடன்ட் எம்ப்ளாயர்ஸ் என்ற அமைப்பின் கணக்கெடுப்பில், டூ-ஒன் கட்டாயம் என்று கேட்ட நிறுவனங்கள் 2014இல் 76 சதவீதம், 2022இல் 48 சதவீதம். பெரிய கணக்குத் தணிக்கை நிறுவனங்களில் எர்ன்ஸ்ட் அண்ட் யங் 2015இலேயே இந்த நிபந்தனையை எடுக்கப்போவதாக அறிவித்தது, பிடபிள்யூசி 2022இல் பெரும்பாலான பட்டதாரி வேலைகளுக்கு எடுத்துவிட்டது. அரசு வேலையில் சிவில் சர்வீஸ் ஃபாஸ்ட் ஸ்ட்ரீம் என்ற பட்டதாரிகளுக்கான திட்டத்தின் பல பிரிவுகளுக்கு டூ-டூ போதும். ஆசிரியர் பயிற்சிக்கு இங்கிலாந்து அரசு தரும் பர்சரி என்ற உதவித்தொகைக்கும் டூ-டூ போதும். பாரிஸ்டர் ஆவதற்கே குறைந்தபட்சத் தகுதி டூ-டூதான், நடைமுறையில் அங்கே போட்டி பயங்கரமாக இருக்கும் என்பது வேறு விஷயம். தேர்டுக்கு இந்தப் பட்டியல் சட்டென்று சுருங்கிவிடுகிறது, அதை இனிப்புத் தடவிச் சொல்ல முடியாது. தேர்ட் வாங்கியவர்கள் படிவம் வைத்து வடிகட்டும் பெரிய கம்பெனிகளைவிட, மனிதர் மெயிலைத் திறந்து படிக்கும் சின்ன கம்பெனிகளில் நேரம் செலவழிப்பது நல்லது என்றார் அவர், தேர்ட் வாங்கிய என் வீட்டு நண்பன் கடைசியில் அப்படித்தான் வேலையில் சேர்ந்தான்.

மாதிரி நேர்காணலுக்கு முழுதாக 5க்கு 5. 'ஏன் டூ-டூ?' என்ற கேள்வியை அவர் ஆறு தடவை கேட்டார். முதல் தடவை நான் அப்பாவின் ஆஸ்பத்திரியிலிருந்து தொடங்கி நான்கு நிமிடம் பேசினேன், நடுவில் குரல் உடைந்துவிட்டது. அவர் அவசரப்படுத்தவில்லை, தண்ணீர் கொடுத்தார், அப்புறம் மறுபடி கேட்டார். ஆறாவது தடவையில் அது மூன்று வாக்கியமாகச் சுருங்கியிருந்தது: இரண்டாம் வருடம் குடும்பத்தில் உடல்நலப் பிரச்சினை, மதிப்பெண் குறைந்தது. கடைசி வருடம் பத்து மதிப்பெண் ஏறியது. ப்ராஜெக்டில் நான் செய்தது இது. மூன்றாவது வாக்கியத்திலிருந்து பேச்சு தானாக மழைநீருக்குப் போய்விடும். உண்மையான நேர்காணலிலும் அப்படியேதான் நடந்தது. முப்பது பேர் வேலை செய்யும் வடிகால் வடிவமைப்பு நிறுவனம், கேள்வி கேட்டவர் கிளாஸைப் பற்றி ஒரு நிமிடம் பேசினார், மண்ணில் நீர் இறங்கும் வேகத்தை நான் எப்படி அளந்தேன் என்பதைப் பற்றி இருபத்தைந்து நிமிடம் கேட்டார். அங்கேதான் இப்போது வேலை செய்கிறேன்.

இனி மற்ற குறைகள். அவர்களுடைய வேலைவாய்ப்புத் தளத்தில் ஊர், சம்பளம், துறை என்று எதை வைத்து வேண்டுமானாலும் தேடலாம், டூ-ஒன் கேட்காத வேலைகளை மட்டும் காட்டு என்று தேட வழியில்லை. ஒவ்வொரு விளம்பரத்தையும் திறந்து கடைசிப் பத்தி வரை படிக்க வேண்டும். விசா கேள்விகளுக்கு வேறு கட்டிடத்தில் வேறு ஆபீஸ், ஒருவர் சொல்வது இன்னொருவருக்குத் தெரிவதில்லை. படிப்பு முடிந்ததும் இங்கே தங்கி வேலை செய்ய வாங்கும் கிராஜுவேட் விசாவுக்கு கிளாஸ் ஒரு பொருட்டே இல்லை, படிப்பை வெற்றிகரமாக முடித்திருந்தால் போதும் என்ற ஒரு வரியை எனக்கு யாராவது ஜூலையிலேயே சொல்லியிருந்தால் மூன்று வாரத் தூக்கம் மிச்சமாகியிருக்கும். அப்புறம் இந்த ஹியர் என்ற அறிக்கை. ஒரு மாணவரின் மூன்று வருட உழைப்பை ஒற்றை கிளாஸில் அடைப்பது போதாது என்று 2007இல் பர்ஜஸ் குழு சொன்னதன் பேரில் வந்தது, பாடவாரியான மதிப்பெண்களோடு நாம் செய்த பிற வேலைகளும் அதில் இருக்கும். எங்கள் பல்கலைக்கழகம் அதைக் கொடுக்கிறது, ஆனால் நானாகக் கேட்கும்வரை ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. எங்களைப் போன்றவர்களுக்கு மிகவும் உதவக்கூடிய தாள் அது.

இன்னொன்றும் மனதில் இருக்கிறது. அப்பாவின் உடல்நிலைக்காக சிறப்புச் சூழ்நிலைப் படிவம் ஒன்றை நான் அந்த வருடமே கொடுத்திருக்கலாம், தேர்வுக் குழு கூடுவதற்கு முன் கொடுக்க வேண்டும், அப்புறம் கொடுத்தால் பார்ப்பது அரிது. அது கரியர்ஸ் ஆபீஸின் வேலை இல்லை, இருந்தாலும் இப்போது படித்துக்கொண்டிருப்பவர்கள் இதைப் படித்தால், வீட்டில் ஏதாவது நடந்தால் வெட்கப்படாமல் உடனே போய்க் கொடுத்துவிடுங்கள்.

போக நினைப்பவர்களுக்கு: பொதுச் சந்திப்பை புக் செய்யாதீர்கள், உங்கள் துறை ஆலோசகர் யார் என்று மெயில் போட்டுக் கேட்டு அவரிடமே நேரம் வாங்குங்கள். எங்கள் இடத்தில் திங்கள் காலை 9 மணிக்கு அந்த வார நேரங்களைத் திறப்பார்கள், பத்து நிமிடத்தில் தீர்ந்துவிடும். மார்க் ஷீட்டை பிரிண்ட் எடுத்துக்கொண்டு போங்கள். படிப்பு முடிந்த பிறகும் எங்களுக்கு மூன்று வருடம் வரை இலவசம், உங்கள் இடத்தில் எவ்வளவு என்று கேட்டுக்கொள்ளுங்கள். நான் அடுத்த மாதம் இன்னொரு தடவை போகிறேன், இந்தத் தடவை என் வீட்டு நண்பனையும் கூட்டிக்கொண்டு.