லேசர் என்றதும் கையெழுத்துப் போடாதீர்கள்: சுங்கை சிப்புட் பக்கம் இருப்பவர்கள் அவசியம் படியுங்கள்

பேராக், சுங்கை சிப்புட்டிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் வயதான ஆண்கள் இருக்கிற வீட்டுக்காரர்கள் இதைப் படித்துவிட்டு மற்றவர்களுக்கும் அனுப்புங்கள். புரோஸ்டேட் (ஆண்களுக்கு மூத்திரப்பைக்குக் கீழே இருக்கிற சுரப்பி) வீங்கி மூத்திரம் சரியாகப் போகாதவர்களைத் தேடிப்பிடித்து, தனியார் மருத்துவமனைக்கு "லேசர் ஆபரேஷன்" என்று ஆள் சேர்க்கிறார்கள். என் சித்தப்பாவை அப்படித்தான் சேர்த்தார்கள். பணமும் போனது, நோயும் தீரவில்லை.

சித்தப்பா பால்மரம் வெட்டி, அப்புறம் செம்பனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ராத்திரி நாலைந்து தடவை எழுந்து போவார், நின்றுகொண்டே இருப்பார், சொட்டுச் சொட்டாகத்தான் வரும். கிளினிக் கேசிஹாத்தானில் (அரசாங்க சுகாதார கிளினிக்) மூத்திரம் எளிதாகப் போக தம்சுலோசின் மாத்திரை கொடுத்திருந்தார்கள், அதில் ஓரளவு சமாளித்துக்கொண்டிருந்தார். சளி பிடித்தபோது பார்மசியில் மருந்து வாங்கிச் சாப்பிட்டார், அன்று ராத்திரியே மூத்திரம் அடைத்துக்கொண்டது. மூக்கடைப்புக்குக் கொடுக்கிற சூடோஎபிட்ரின் கலந்த மருந்து புரோஸ்டேட் வீக்கம் உள்ளவர்களுக்கு இப்படிச் செய்யும், மருந்து வாங்கும்போது சொல்லியே வாங்குங்கள். நம் ஊர் ஆஸ்பத்திரியில் டியூப் போட்டு, ஈப்போ அரசாங்க ஆஸ்பத்திரியில் யூரோலஜி (மூத்திர நோய்) கிளினிக்குக்குக் கடிதமும் தேதியும் வாங்கிக் கொடுத்தார்கள். அந்தத் தேதிக்குக் காத்திருந்த சமயத்தில்தான் கோயில் மண்டபத்தில் ஒரு தனியார் மருத்துவமனையின் இலவச முகாம்.

அங்கே எங்களிடம் பேசிய பெண் ஒரு டாக்டர் அல்ல, ஆள் சேர்க்கிறவர். நன்றாகத் தமிழ் பேசினார். "அங்கிள், கவர்மெண்டில் பழைய முறைப்படி அறுப்பாங்க, ரத்தம் நிறையப் போகும், வயசானவங்க தாங்க மாட்டாங்க. எங்ககிட்ட லேசர், கத்தியே கிடையாது, மறுநாளே வீட்டுக்குப் போகலாம், பக்கவிளைவு எதுவும் இல்லை" என்றார். ஈப்போ தேதியை ரத்து செய்யச் சொன்னதும் அவர்தான். வயிற்றைக் கிழிப்பார்கள் என்று சித்தி பயந்துபோய்விட்டார். எந்த மனுஷிதான் பயப்பட மாட்டாள்?

அந்தப் பேச்சில் எது பொய் என்று பிறகு ஈப்போ டாக்டர் எங்களுக்குப் படம் வரைந்து காட்டினார். பழைய முறை என்று இவர்கள் சொல்வது டர்ப். அதில் வயிற்றில் ஒரு கீறல்கூடக் கிடையாது. மூத்திரம் வருகிற வழியாகவே குழாய் போன்ற கருவியை உள்ளே விட்டு, மின்சாரம் பாயும் சின்னக் கம்பி வளையத்தால் வீங்கிய சதையைச் சீவிச் சீவி எடுப்பார்கள். லேசரும் அதே வழியாகத்தான் போகிறது. இரண்டிலும் மயக்க மருந்து உண்டு, இரண்டிலும் டியூப் உண்டு. வயிற்றைத் திறந்து செய்வது வேறு ஆபரேஷன், ரொம்பப் பெரிய புரோஸ்டேட்டுக்கு மட்டும் எப்போதாவது செய்வது.

அப்புறம், லேசர் என்றால் ஒரே ஆபரேஷன் இல்லை, இதை எங்களிடம் அங்கே ஒருவரும் சொல்லவில்லை. கிரீன்லைட் என்பது சதையை ஆவியாக்குவது. ஹோல்மியம் லேசரால் செய்கிற ஹோலெப் என்பது, ஆரஞ்சுத் தோலுக்குள்ளிருந்து சுளையை எடுப்பதுபோல, வீங்கிய பகுதியை முழுசாகப் பிரித்து, மூத்திரப்பைக்குள் வைத்தே துண்டாக்கி உறிஞ்சி எடுப்பது. துலியம் என்று இன்னொன்றும் இருக்கிறது. புரோஸ்டேட்டின் அளவை மில்லியில் சொல்வார்கள்; 80 மில்லிக்கு உட்பட்ட நடுத்தர அளவுக்கு டர்ப் இன்றைக்கும் நிலைநின்ற சிகிச்சை, அதற்கு மேல் போனால் ஹோலெப் மாதிரிப் பிரித்தெடுக்கும் முறைகளைத்தான் முதலில் யோசிப்பார்கள். சித்தப்பாவுக்கு 90 மில்லிக்கு மேல். அவருக்குச் செய்தது கிரீன்லைட். பெரிய புரோஸ்டேட்டை ஆவியாக்கப் போனால் நேரம் ஆகும், சதை மிச்சம் நிற்கிற வாய்ப்பும் அதிகம். அவருக்கு அதுதான் நடந்தது. டியூபை எடுத்ததும் மறுபடி அடைத்தது, மறுபடி டியூப், கடுமையான எரிச்சல், காய்ச்சல். போய்க் கேட்டால் "புண் ஆறணும் அங்கிள், டைம் எடுக்கும்" என்று சொல்லி ஒவ்வொரு முறையும் ஒரு பில். ஆபரேஷன் செய்த டாக்டரைப் பார்க்கவே முடியவில்லை.

இன்னொரு விஷயம்தான் எனக்கு இன்னும் ஆறவில்லை. டர்ப், ஹோலெப் இரண்டிலும் எடுத்த சதையை லேப்புக்கு அனுப்பிப் புற்றுநோய் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஆவியாக்கினால் அனுப்ப ஒன்றும் மிஞ்சாது. அப்படியென்றால் முன்கூட்டியே, புரோஸ்டேட் புற்றுநோய்ச் சந்தேகம் உண்டா என்று பார்க்கிற பிஎஸ்ஏ ரத்தப் பரிசோதனையாவது செய்து பார்த்திருக்க வேண்டாமா? செய்யவில்லை.

பக்கவிளைவு இல்லை என்றதும் பொய். இந்த ஆபரேஷன்களுக்குப் பிறகு பலருக்கு உறவின்போது விந்து வெளியே வராமல் மூத்திரப்பைக்குள் போய்விடும், டர்ப்பானாலும் ஹோலெப்பானாலும் அப்படித்தான். உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் முன்னாடியே சொல்ல வேண்டிய விஷயம். எழுபது வயசுக்காரருக்கு இதெல்லாம் எதற்கு என்று யாரும் அவருக்காக முடிவு செய்யக்கூடாது.

லேசரே கெட்டது என்று நான் சொல்லவில்லை. ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுகிற இருதய நோயாளிகளுக்கு லேசரில் ரத்தக் கசிவு குறைவு, அவர்களுக்கு அது உண்மையிலேயே நல்ல வழி. ஹோலெப் கைதேர்ந்தவர் செய்தால் பெரிய புரோஸ்டேட்டுக்கும் அருமையான பலன் கிடைக்கும். ஆனால் லேசர் என்ற பெயருக்காகவே மேலானது என்பது சரியில்லை. பிரிட்டனில் 410 ஆண்களை வைத்து துலியம் லேசரையும் டர்ப்பையும் ஒப்பிட்டு 2020-ல் லான்செட் இதழில் முடிவு வந்தது. தொந்தரவு குறைந்தது இரண்டிலும் ஒரே அளவு, மூத்திரம் போகிற வேகத்தில் டர்ப்தான் கொஞ்சம் மேல், ஆஸ்பத்திரியில் தங்கிய நாளிலும் பெரிய வித்தியாசம் இல்லை.

பணத்துக்கு வருகிறேன். பேக்கேஜ் 18,000 வெள்ளி (ரிங்கிட்) என்றார்கள், கடைசியில் 26,000-ஐத் தாண்டியது. லேசர் ஃபைபர் தனி, கருவி வாடகை தனி, "கூடுதல் நேரம்" தனி. நம் நாட்டில் தனியார் மருத்துவமனைகளில் டாக்டருக்கான கட்டணத்துக்கு, தனியார் மருத்துவமனைகளுக்கான 2006 விதிமுறைகளின் பதின்மூன்றாம் அட்டவணை உச்சவரம்பு வைத்திருக்கிறது, மருத்துவமனை போடுகிற கருவி, பொருள் கட்டணத்துக்கு அந்த வரம்பு இல்லை. பில் ஊதிப்போவது அங்கேதான். அதனால் வாயால் சொல்கிற பேக்கேஜை நம்பாதீர்கள், எதெல்லாம் அடக்கம், எதெல்லாம் தனி என்று எழுத்தில் வாங்குங்கள். கூடவே டாக்டரிடமே நேராகக் கேளுங்கள்: புரோஸ்டேட் எத்தனை மில்லி, எந்த லேசர், ஏன் இவருக்கு அது, சதை லேப்புக்குப் போகுமா, மறுபடி அடைத்தால் யார் பொறுப்பு. பதில் சொல்லத் தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள்.

சித்தப்பாவுக்குக் கடைசியில் ஈப்போ அரசாங்க ஆஸ்பத்திரியில் மிச்சச் சதையை டர்ப் மூலம் எடுத்தார்கள். புதுத் தேதிக்கு வரிசையின் கடைசியிலிருந்து நிற்க வேண்டியிருந்தது, அதுவரை டியூபும் பையுமாகத்தான் இருந்தார். ஸ்பெஷலிஸ்ட் கிளினிக்கில் கட்டியது ஒவ்வொரு தடவையும் 5 வெள்ளி. லேப் முடிவில் புற்றுநோய் இல்லை. இப்போது டியூப் இல்லாமல் நன்றாகப் போகிறார்.

தனியார் மருத்துவமனை மேல் புகார் இருந்தால் முதலில் அவர்களிடமே எழுத்தில் கொடுங்கள், புகாரை விசாரிக்க ஓர் ஏற்பாடு வைத்திருக்க வேண்டும் என்று தனியார் மருத்துவமனைகளுக்கான 1998 சட்டமே சொல்கிறது. சரியான பதில் வராவிட்டால் சுகாதார அமைச்சில் தனியார் மருத்துவத்தைக் கட்டுப்படுத்தும் பிரிவு இருக்கிறது, டாக்டர் மேல் என்றால் மலேசிய மருத்துவ மன்றம். நாங்கள் ஆபரேஷன் அறிக்கையின் நகலும் பிரித்துப் போட்ட பில்லும் கேட்டுக் கடிதம் கொடுத்திருக்கிறோம். அந்த முகாமில் பெயர் கொடுத்தவர்கள் யாராவது இதைப் படித்தால், முன்பணம் கட்டியிருந்தாலும் சரி, அரசாங்க ஆஸ்பத்திரித் தேதியை மட்டும் ரத்து செய்துவிடாதீர்கள்.