மதுரையில் கண் பரிசோதனை: ஊருக்குப் போன முதல் வாரமே முடித்துவிடுங்கள்

டொராண்டோவிலிருந்து ஊருக்குப் போகிறவர்கள் பல், கண்ணாடி வேலைகளையெல்லாம் கிளம்புகிற வாரத்துக்குத் தள்ளிப்போடுவது வழக்கம். நாங்கள் இந்த முறை மதுரையில் இறங்கிய கையோடு அண்ணா நகர் அரவிந்த் கண் மருத்துவமனைக்குப் போய்விட்டோம். அரசுப் பணியில் ஓய்வு பெற்ற டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-இல் 11 படுக்கைகளோடு தொடங்கியது. இப்போது கூட்டம் திருவிழாதான். ஆனால் வரிசை நகர்கிறது. பவர், கண் அழுத்தம் எல்லாவற்றையும் பயிற்சி பெற்ற பெண்களே பார்த்துவிடுகிறார்கள், கடைசியில்தான் டாக்டர்.

மகனுக்குக் கிட்டப்பார்வை. கண்விழி நீண்டுவிட்டதால் தூரத்துப் பொருளின் பிம்பம் விழித்திரைக்கு முன்னாலேயே விழுந்துவிடுகிறது. குழிலென்ஸ் அதைப் பின்னுக்குத் தள்ளுகிறது. பிள்ளைகளின் கண் தசை சோதனையின்போது இறுகி, இல்லாத மைனஸை, அதாவது கிட்டப்பார்வைப் பவரைக் காட்டும். அதனால் சொட்டு மருந்து விட்டுத் தளர்த்திப் பார்த்தார்கள். மருந்தின் வேகம் அடங்கிய பிறகு, இன்னொரு நாள் வரச்சொல்லி உறுதிசெய்துதான் கண்ணாடிக்கான சீட்டு கொடுத்தார்கள். ஒரே நாள் கையிலிருந்தால் இது நடக்காது. தினமும் வெளியே விளையாட விடச் சொன்னார் டாக்டர். ஜனவரிக் குளிரில் டொராண்டோவுக்கு வந்து சொல்லட்டும்!

எனக்கு வெள்ளெழுத்து, கூடவே கொஞ்சம் சிலிண்டர் (கண்ணின் வளைவு எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இல்லாததற்கான பவர்). நாற்பதைத் தாண்டினால் கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் விறைத்துப்போகிறது, கிட்டத்து எழுத்து கலங்குகிறது. தூரத்துக்கும் கிட்டத்துக்கும் ஒரே லென்ஸில் பவர் படிப்படியாக மாறும் புரோகிரசிவ் கண்ணாடியை டவுனில் ஒரு கடையில் போட்டேன். நீல ஒளியைத் தடுக்கும் கோட்டிங்கை விற்பதில் காட்டிய அக்கறையை அளவெடுப்பதில் காட்டவில்லை. ஃப்ரேமை முகத்தில் மாட்டி, கருமணி எந்த உயரத்தில் வருகிறது என்று குறிக்கவே இல்லை. போட்டுக்கொண்டு மாடிப்படி இறங்கினால் படி மிதந்தது. திரும்பப் போய்ச் சண்டை போட்டு, வேறு லென்ஸ் வாங்கினேன். ஒரே பவர் கண்ணாடியென்றால் எங்கே வாங்கினாலும் பெரிய வம்பில்லை, புரோகிரசிவ் அப்படியில்லை.

அம்மாவுக்குப் புரை ஆபரேஷன் முன்பே ஆகிவிட்டது. 1992-இல் அரவிந்தின் தயாரிப்புப் பிரிவான ஆரோலேப் மதுரையிலேயே கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் செய்யத் தொடங்கியதில் விலை எவ்வளவோ இறங்கியது. பெற்றோருக்கு ஆபரேஷன் செய்ய வருகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: கண் ஆறி பவர் நிலைக்கச் சில வாரங்களாகும், கண்ணாடி அப்புறம்தான். அப்போது கூட்டிப்போக உள்ளூரில் ஆள் ஏற்பாடு செய்துவிடுங்கள்.

சீட்டில் இரண்டு கருமணிகளுக்கும் இடையே உள்ள தூரத்தையும் எழுதித் தரச் சொல்லுங்கள், பி.டி. என்பார்கள். அது இருந்தால் டொராண்டோவுக்குத் திரும்பி வந்தபிறகும் இன்னொரு ஜோடி போட்டுக்கொள்ளலாம்.