ரெட்டேரி பக்கம் வாங்கின 60 ரூபா குண்டுமல்லி

தண்டையார்பேட்டைல எங்க மொட்டை மாடிக்கு போன வருஷம் வேற ஒரு கடைல இடுப்பு உயர மல்லிச்செடி 250 ரூபா குடுத்து வாங்கினேன், ஒத்தைக் கம்பா மேல மேல போச்சே தவிர பக்கத்துல ஒரு கிளை கூட விடல, பூவும் எண்ணி நாலு. குண்டுமல்லி புதுக்கிளை நுனிலதான் பூக்கும், கிளை இல்லன்னா பூ எங்கேந்து வரும்.

இந்த தடவை ரெட்டேரி பக்கம் ரோட்டோரமா இருக்கிற நர்சரிக்கு போனேன். அங்க இருந்த அண்ணன் ஒரு ஜாண் செடிய எடுத்து என் கண்ணு முன்னாடியே நுனிய கிள்ளிட்டு "பத்து நாள் பொறும்மா, கணுவுக்கு கணு துளிர் விடும்"னாரு. எனக்கு பகீர்னு ஆயிடுச்சு. ஆனா 12வது நாள் பாத்தா கிள்ளின இடத்துக்கு கீழ ரெண்டு பக்கமும் துளிர்!

ப்ளஸ் டூ பசங்களுக்கு பாட்டனி எடுக்கிறவ நான், அதனால அன்னிக்கு அவ்ளோ சந்தோஷம். நுனிக்குருத்துல சுரக்கிற ஆக்ஸின்ங்கிற வளர்ச்சி ஹார்மோன் தண்டு வழியா கீழ எறங்கிட்டே இருக்கும், அது பக்கக் குருத்துக்குள்ள நேரா போய் அடக்கறதில்ல, ஸ்ட்ரைகோலாக்டோன்ங்கிற ஹார்மோன கூட்டி, கிளைய தூண்டுற சைட்டோகைனின கொறைக்கும், இந்த ரெண்டு சேதியும் போய் சேர்ற இடம்தான் கணுவுல தூங்குற குருத்துக்குள்ள இருக்கிற பிஆர்சி1 ஜீன், அது வேலை செஞ்சிட்டு இருக்கிற வரைக்கும் குருத்து எழும்பாது. நுனி போனா ஆக்ஸின் வரத்து நிக்கும், நுனிக்கு போன சர்க்கரையும் கணுவுக்கு திரும்பும், அப்போ துளிர் விடும். மக்காச்சோளம் ஒத்தைத் தண்டா நிக்கிறதுக்கும் இதே வகை ஜீன்தான் காரணம், டிபி1னு பேரு, அதோட மூதாதையான மெக்சிகோ புல்லு தியோசின்ட் புதரா கிளைக்கும்.

ஸ்ட்ரைகோலாக்டோன் வகைய 1966லயே பருத்தி வேர்லேந்து பிரிச்சிட்டாங்க, சுடுமல்லிங்கிற ஒட்டுண்ணிக் களையோட விதைய முளைக்க வைக்கிற பொருளா, ஆனா கிளைய அடக்குற ஹார்மோன் அதுதான்னு தெரிஞ்சது 2008லதான்.

தொட்டிக்கு எலும்புத்தூள் ஒரு பிடி போடச் சொன்னாரு, அதுவும் சரி, அதுல இருக்கிற மணிச்சத்து (பாஸ்பரஸ்) மண்ணுல கொறஞ்சா வேரு ஸ்ட்ரைகோலாக்டோன கூட்டிடும், கிளை கொறையும்.

குறைன்னா அவங்க விக்கிற மண்கலவை, ரொம்ப களி, தண்ணி நிக்குது, நான் மணல் கலந்துக்கிட்டேன். ஞாயித்துக்கிழமை போகாதீங்க, நின்னு பேச முடியாது.

இப்போ ஏழு கிளை, தினமும் ஒரு கைப்பிடி பூ. நவம்பர் கடைசில முழங்கால் உயரத்துக்கு கவாத்து பண்ணச் சொல்லியிருக்காரு, அப்ப ரோஜாவும் அங்கயேதான் வாங்கப் போறேன்.