நூறால் பெருக்கினாலும் மலிவு: பெர்லினில் ஆறு வருடங்கள்

2019 அக்டோபரில் வேளச்சேரியிலிருந்து பெர்லினுக்கு வந்தோம். வந்த புதிதில் கடைக்குப் போனால் எனக்கு ஒரே வேலை, எதைக் கையில் எடுத்தாலும் எண்பதால் பெருக்குவது. அப்போது ஒரு யூரோ ஏறக்குறைய எண்பது ரூபாய். சின்னப் பாக்கெட் கறிவேப்பிலை இரண்டு யூரோ என்று பார்த்ததும், நூற்றறுபது ரூபாயா என்று அப்படியே வைத்துவிட்டு வந்தேன். ஊரில் காய்கறிக்காரர் கொசுறாகப் போடுகிற சரக்கு அது. இப்போது யூரோ நூறு ரூபாயைத் தாண்டிவிட்டது. பெருக்கல் சுலபமாகிவிட்டது, வயிற்றெரிச்சல்தான் கூடிவிட்டது.

அப்படிப் பெருக்கிப் பார்த்த பிறகும் சென்னையைவிடக் குறைவாக இருந்தது எது என்பதைத்தான் எழுதப் போகிறேன். ‘வாங்குகிற சம்பளத்துக்கு மலிவு’ என்கிற கணக்கு வேண்டாம். அந்தக் கணக்கில் வாடகையையும் முடிவெட்டுவதையும் தவிரப் பாதிக் கடை மலிவுதான்.

முதலில் தண்ணீர். நாங்கள் கிளம்பிய வருடத்துக் கோடையைச் சென்னைக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். புழலும் செம்பரம்பாக்கமும் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்த வருடம். எங்கள் அடுக்ககத்தில் லாரித் தண்ணீருக்கென்று மாதம் ஒரு வசூல், குடிக்க 20 லிட்டர் கேன் தனி. இங்கே வந்த அன்று வீட்டுக்காரப் பாட்டி குழாயைத் திறந்து ஒரு டம்ளர் பிடித்து நீட்டினார். என் கணவரும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். சரி, என்ன ஆகிவிடப் போகிறது என்று குடித்ததுதான், இன்று வரை கேனும் இல்லை, ஃபில்டரும் இல்லை. கழிவுநீர்க் கட்டணத்தையும் சேர்த்தால்கூட ஆயிரம் லிட்டருக்கு நாலு யூரோ சொச்சம்தான். அதே ஆயிரம் லிட்டரைக் கேனில் வாங்கினால் ஐம்பது கேன். ஒரு கேன் நாற்பது ரூபாய் என்று வைத்தாலும் இரண்டாயிரம் ரூபாய். குறை என்று சொன்னால் சுண்ணாம்பு. கெட்டில் அடியில் வெள்ளையாகப் படியும். மாதம் ஒரு முறை வினிகர் ஊற்றிக் கொதிக்க வைக்கிறேன். டீயின் மேல் ஆடைபோல ஒன்று மிதக்கும், அதற்கும் பழகிவிட்டோம்.

அடுத்தது வெண்ணெய். பால் இங்கே மலிவில்லை. லிட்டர் ஏறக்குறைய ஒரு யூரோ, ஆவின் அதில் பாதிகூட வராது. ஆனால் வெண்ணெய்க்கும் சீஸுக்கும் கதையே வேறு. மலிவுவிலைக் கடைகளின் சொந்த பிராண்ட், உப்புப் போடாத வெண்ணெய், 250 கிராம் பாக்கெட். நாலு பாக்கெட்டை அடிகனமான பாத்திரத்தில் காய்ச்சினால் எண்ணூறு கிராம் அளவுக்கு நெய் தேறும். வெண்ணெய் விலை சாதாரணமாக இருக்கும் மாதங்களில், அந்த நெய்யின் அடக்கவிலை சென்னையில் நாங்கள் வாங்கிய நெய்யைவிடக் குறைவு. முருங்கைக்கீரை போட்டு இறக்கத்தான் வழியில்லை. 2024 கடைசியில் இதே பாக்கெட் 2.39 யூரோ வரை ஏறியது. அந்தச் சில மாதம் என் கணக்கு தோற்றது, ஒத்துக்கொள்கிறேன். அடுத்த வருடம் முடிவதற்குள் விலை பாதிக்கும் கீழே இறங்கியதும் ஃப்ரீசர் முழுக்க வாங்கி அடுக்கினேன்.

பீரைப் பற்றி என் கணவர் தனியாக ஒரு பத்தி கேட்டார். ஒரு வரி போதும்: சூப்பர்மார்க்கெட்டில் அரை லிட்டர் ஒரு யூரோவுக்குள் முடிந்துவிடும், காலிப் பாட்டிலைத் திருப்பிப் போட்டால் எட்டு சென்ட் கையில் வரும். ஹோட்டலில் தண்ணீர் கேட்டால்தான் பர்ஸ் அழும்.

பெரிய தொகை மிச்சமானது இதில் எதிலும் இல்லை, மகளின் படிப்பில். சென்னையில் ப்ரீகேஜிக்கு ஒரு பள்ளியில் விசாரித்தபோது, சீருடை, புத்தகம், வேன் எல்லாம் சேர்த்து வருடத்துக்கு ஒன்றரை லட்சம் என்றார்கள். பெர்லினில் 2018 ஆகஸ்டிலிருந்து கீட்டா எனப்படும் மழலையர் காப்பகத்துக்குக் கட்டணமே கிடையாது. சாப்பாட்டுக்கு மட்டும் மாதம் 23 யூரோ. பள்ளிக்குப் போன பிறகு அதுவும் போயிற்று. இங்கே ஆறாம் வகுப்பு வரை மதியச் சாப்பாடு எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசம், பேருந்து, ரயில் பாஸும் இலவசம். மதிய உணவுத் திட்டத்தைப் பற்றி நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆனால் சென்னையில் நாங்கள் பார்த்த தனியார் பள்ளிகளுக்கு அந்தத் திட்டமே கிடையாது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். இடம் கிடைப்பது மட்டும் பெரும்பாடு. முப்பது கீட்டாக்களுக்கு மெயில் போட்டேன். பதில் வந்தவை ஆறு, அதில் ஐந்து ‘இடமில்லை’. ஏழு மாதம் வீட்டில் இருந்தேன். அந்த ஏழு மாதச் சம்பளத்தை இந்தக் கணக்கில் சேர்க்காமல் விட்டால் அது பொய்க்கணக்கு.

வீட்டுச் சாமான். இதுதான் எனக்குப் பிடித்த பகுதி. பெர்லின் தெருக்களில், அதுவும் மாதக் கடைசியில் வீடு மாற்றுகிற நாட்களில், வாசலில் அட்டைப்பெட்டி இருக்கும். மேலே ‘சு ஃபெர்ஷெங்கன்’ என்று எழுதியிருப்பார்கள். சும்மா எடுத்துக்கொள்ளுங்கள் என்று அர்த்தம். தட்டு, புத்தகம், விளக்கு, ஒரு தடவை நல்ல தேக்கு நிறத்தில் முழு அலமாரி. அந்த அலமாரியை வீடியோ காலில் பார்த்துவிட்டு மாமியார், “என்னம்மா, தெருவுல கெடந்ததையா வீட்டுக்குள்ள கொண்டாந்து வச்சிருக்கீங்க? யாரு வீட்டுதோ என்னமோ” என்றார். மஞ்சள் தண்ணீர் தெளிக்கச் சொன்னார், தெளித்தேன். இப்போது எங்கள் சாமி படங்கள் அதில்தான் இருக்கின்றன. சாப்பாட்டு மேசையும் சைக்கிளும் கிளைன்அன்சைகன் என்ற செயலியில் பழையதாக வாங்கியவை. மேசை 30 யூரோ, சைக்கிள் 60. மெத்தையும் சோபாவும் மட்டும் பழையதாக வாங்காதீர்கள். மூட்டைப்பூச்சி வந்தால் மிச்சம் பிடித்தது மொத்தமும் மருந்து அடிப்பவருக்கே போய்விடும்.

பயணத்தை இந்தப் பட்டியலில் சேர்க்கலாமா என்று நானும் கணவரும் சண்டையே போட்டோம். டாய்ச்லாண்ட் டிக்கெட் என்ற மாதப் பாஸ் 2023 மேயில் 49 யூரோவுக்கு வந்தது, 2025இல் 58, 2026 ஜனவரியிலிருந்து 63. ரூபாயில் ஆறாயிரத்துக்கு மேல். மாநகரப் பேருந்தின் ஆயிரம் ரூபாய்ப் பாஸோடு வைத்தால் தோல்வி. ஆனால் வேளச்சேரியில் எங்களிடம் கார் இருந்தது. தவணை, பெட்ரோல், காப்பீடு என்று அது மாதம் இருபதாயிரத்தைத் தின்றது. இங்கே கார் வாங்கும் எண்ணமே வரவில்லை. அதிவேக ரயில்களில் இந்த டிக்கெட் செல்லாது, உள்ளூர் வட்டார ரயில்களில் நாடு முழுக்கச் செல்லும். கோடையில் ரோஸ்டாக் வரை போய், அங்கிருந்து மின்ரயிலில் வார்னமுண்டே கடற்கரையில் இறங்குவோம். தனியாக ஒரு சென்ட் கிடையாது. தண்ணீர்தான் ஆகஸ்டிலும் ஐஸ் மாதிரி இருக்கும். பாதி நாட்களில் ரயில் தாமதமாக வரும், ஞாயிற்றுக்கிழமை நிற்க இடம் கிடைக்காது.

மருத்துவரிடம் காப்பீட்டு அட்டையைக் காட்டினால் சரி, காசு கேட்க மாட்டார். அதை மலிவு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மாதா மாதம் சம்பளத்திலிருந்து காப்பீட்டுக்குப் பிடிப்பதைப் பார்த்தால் அட்டையைக் காட்டும்போதே நெஞ்சு அடைக்கிறது. மாத்திரைக் கடையில் பாராசிட்டமால் இருபது மாத்திரை இரண்டு மூன்று யூரோ. நம் ஊரில் ஒரு அட்டை பத்து, இருபது ரூபாய்க்குள். மூக்குக் கண்ணாடி, பல் வைத்தியம், ப்ளவுஸ் தையல் எல்லாம் சென்னைப் பயணத்துக்காகக் காத்திருப்பவை. போகும்போது பெட்டியில் சாக்லேட், ஆலிவ் எண்ணெய், அப்பாவுக்கு ஒரு கட்டி சீஸ். திரும்பும்போது மாத்திரை அட்டை, இரண்டு ஜோடிக் கண்ணாடி, அப்புறம் நிழலில் காயவைத்த கறிவேப்பிலை ஒரு பை நிறைய.