350 ரூபாய் நைட் கார்டு: ஒரு வருஷம் போட்டால் என்ன ஆகும்?

தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பவருக்கு அது தெரியாது. பக்கத்தில் படுத்திருப்பவருக்குத்தான் தூக்கம் போகும். தனியாகப் படுப்பவருக்குக் காலையில் தாடை வலிக்கும், காதுக்கு முன்னால் பிடித்துக்கொண்ட மாதிரி இருக்கும், ஜில்லென்று தண்ணீர் பட்டால் பல் கூசும். டாக்டரிடம் போனால், தூங்கும்போது பல்மேல் மாட்டிக்கொள்ளும் பிளாஸ்டிக் உறையான நைட் கார்டு போடச் சொல்வார். அளவெடுத்துச் செய்ய தனியார் கிளினிக்கில் சில ஆயிரங்கள் ஆகும். அதே வேலையைச் செய்வதாகச் சொல்லும் சரக்கு ஸ்போர்ட்ஸ் கடையிலும் ஆன்லைனிலும் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. முதல் வாரம் எல்லாமே நன்றாகத்தான் இருக்கும். ஆறு மாதம், ஒரு வருஷம் கழித்து எது தாங்குகிறது, எது காலை வாருகிறது என்பதுதான் இங்கே பேச்சு.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடலாம். எந்த கார்டும் பல்கடியை நிறுத்தாது, விலை கூடினதும் நிறுத்தாது. பல்லுக்குப் பதிலாக அது தேயும், அவ்வளவுதான் அதன் வேலை. பல்லின் எனாமல் ஒருமுறை தேய்ந்தால் திரும்ப வளராது. பிளாஸ்டிக்கை மறுபடி வாங்கிக்கொள்ளலாம்.

வடசென்னைக்கு இந்தப் பொருள் புதிதில்லை. ராயபுரம், காசிமேடு, வியாசர்பாடிப் பக்கம் பாக்ஸிங் பழகும் பையனைக் கேட்டால், குத்து விழும்போது பல்லைக் காக்கும் கம் ஷீல்டை வெந்நீரில் போட்டு எப்படிக் கடித்து அச்சு எடுப்பது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வான். கடையில் விற்கும் நைட் கார்டும் அதே ஈ.வி.ஏ. பிளாஸ்டிக்தான், சூடு பட்டால் இளகி, ஆறினால் இறுகும். ஆனால் பெரியமேட்டில் ஸ்போர்ட்ஸ் கடை வரிசையில் கிடைக்கும் பாக்ஸிங் ஷீல்டை அப்படியே ராத்திரிக்குப் போடுவது சரிப்படாது. அது குத்து வாங்குவதற்காகத் தடிமனாகச் செய்தது. போட்டால் உதடு மூடாது, வாய் வழியாக மூச்சு விட்டு விடியும்போது நாக்கு வறண்டு கிடக்கும். ஓரிரண்டு ராத்திரி சமாளிக்கலாம். மாசக்கணக்கில் போட வேண்டுமென்றால் 'நைட் கார்டு' என்றே விற்கும் மெல்லிய ரகம்தான் வேண்டும்.

ஆன்லைனில் இதோடு கலந்து வேறு சில அடாசுகளும் வரும். முன்பல்லை மட்டும் மூடும் குட்டித் துண்டு ஒன்று: தாடைத் தசை உடனே தளர்ந்த மாதிரி இருக்கும், ஆனால் மூடப்படாத கடவாய்ப் பற்கள் மாதக்கணக்கில் மெல்ல நகர ஆரம்பிக்கும். அப்புறம் முன்பற்கள் ஒன்றோடொன்று முட்டாது. தூக்கத்தில் கழன்று தொண்டைக்குப் போகிற அபாயமும் உண்டு. இன்னொன்று கொதிக்க வைக்கவே வேண்டாம் என்று விற்பது. கடவாய்க்கு மட்டும் இரண்டு மெத்தை, நடுவில் ஒரு பட்டை. பிரச்சினை அதே, பக்கம்தான் மாறுகிறது. எல்லா எடையும் கடைசிப் பற்கள்மேல் விழும். அவசரத்துக்கு ஓரிரு வாரம் போதும். மேல் வரிசை முழுவதையும், கடைசிக் கடவாய்ப் பல் வரை மூடுவதைத்தான் வாங்க வேண்டும். நிறமில்லாமல் பளிங்கு மாதிரி இருப்பது நல்லது. விரிசலும் அழுக்கும் கண்ணுக்குத் தெரியும்.

இனி அச்சு எடுப்பது. பணம் வீணாவதில் பெரும்பகுதி இந்த ஐந்து நிமிஷத்தில்தான்.

சூடு காட்டுவதற்கு முன்னாலேயே கார்டை வாயில் வைத்துப் பாருங்கள். நம்மில் பலருக்குத் தாடை சிறிது, கார்டு நீளம். கடைசிப் பல்லைத் தாண்டி நிற்கும் பகுதியை இரண்டு பக்கமும் சமமாகச் சின்னக் கத்தரிக்கோலால் வெட்டுங்கள். கடைசிப் பல் மூடியே இருக்க வேண்டும். குமட்டல் வந்தால் நீளத்தைக் குறைக்காதீர்கள். அண்ணத்தின் பக்கம் இருக்கும் உள்விளிம்பைக் குறையுங்கள்.

அகலமான பாத்திரத்தில் அரை லிட்டர் தண்ணீர் கொதித்ததும் அடுப்பை அணைத்து, அரை நிமிஷம் விடுங்கள். தளதளவென்று கொதிக்கும் தண்ணீரில் போட்டால் கார்டு சுருண்டுவிடும். பாத்திரத்தின் அடியில் ஒட்டினால் அந்த இடம் அப்பளம் மாதிரி சப்பையாகும். ஜல்லிக் கரண்டியில் வைத்து முக்குவது வசதி. மெல்லிய ரகத்துக்கு 20 முதல் 30 விநாடி. அட்டையில் வேறு நேரம் போட்டிருந்தால் அதையே பின்பற்றுங்கள். எடுத்ததும் பச்சைத் தண்ணீரில் ஒரே முக்கு. உதட்டின் உள்பக்கம் தொட்டுப் பார்த்து, சுடவில்லை என்றால் கண்ணாடி முன்னால் நின்று மேல் பல்லில் ஏற்றுங்கள். கார்டின் நடுக்கோடும் இரண்டு முன்பல்லின் நடுவும் ஒரே நேர்கோட்டில் வர வேண்டும்.

இப்போதுதான் எல்லாரும் தப்பு செய்வது: ஓங்கிக் கடிப்பது. இளகிய பிளாஸ்டிக் பிதுங்கி ஓரத்துக்குப் போய்விடும், கடவாய்க்கு அடியில் காகித கனம்தான் மிஞ்சும். மூன்று வாரத்தில் அங்கே ஓட்டை. சப்பாத்தி மாவில் விரல் பதிவது போல மெல்லப் பதிந்தால் போதும். கடிக்கும்போது நாக்கு நுனியைப் பின்னுக்கு, அண்ணத்தின் மேல் மடக்கி வையுங்கள். அப்போது தாடை முன்னால் நழுவாது. கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே செய்பவர்கள் தங்களை அறியாமல் கீழ்த்தாடையை நீட்டிவிடுவார்கள். அந்த நிலையிலேயே அச்சு இறுகினால் தினமும் காலையில் தாடை கோணிக்கொண்ட மாதிரி இருக்கும். லேசாகக் கடித்தபடியே உள்ளே இருக்கும் காற்றையும் தண்ணீரையும் உறிஞ்சி, வெளியே கன்னத்தின் மேலிருந்து விரலால் அழுத்தி, உள்ளே நாக்கால் தள்ளுங்கள். அரை நிமிஷம் கழித்துக் கழற்றி, ஒரு நிமிஷம் குளிர்ந்த தண்ணீரில் போடுங்கள். சரியாக வரவில்லை என்றால் இன்னொரு முறை சூடு காட்டலாம். மூன்றாவது முறைக்குமேல் அது பிடிப்பை இழந்துவிடும்.

அச்சு விழுந்ததா என்று பார்க்க இரண்டு சோதனை போதும். வாயைத் திறந்து நாக்கால் தள்ளினாலும் கார்டு விழக்கூடாது. அடுத்தது முக்கியம். பேக்கரியில் கேக்குக்குப் போடும் பட்டர் பேப்பரில் ஒரு செ.மீ. அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டி, கார்டுக்கும் கீழ்ப் பல்லுக்கும் நடுவில் வைத்து, சாதாரணமாக வாயை மூடி இழுங்கள். வலது கடவாய், இடது கடவாய், இரண்டு பக்கமும் நடுப்பகுதி என்று ஒவ்வொரு இடமாகப் பாருங்கள். எல்லா இடத்திலும் பேப்பர் சிக்க வேண்டும். கடவாயில் மட்டும் சிக்கி, முன்னால் வழுக்கிக்கொண்டு வந்தால் பின்பக்கம் தடிமன் அதிகம். தாடை கதவு மாதிரி. கீல் காதுக்கு முன்னால் இருக்கிறது. கீல் ஓரத்தில் சின்னக் கட்டை வைத்தாலே கதவின் மறுமுனையில் பெரிய இடைவெளி விழும். கடை கார்டின் பிறவிக் குறை இதுதான். டாக்டர் அளவெடுத்துச் செய்யும் கார்டு கடின அக்ரிலிக் தட்டு; அதில் கலர் பேப்பர் வைத்துப் பார்த்துப் பார்த்துத் தேய்த்துச் சமன் செய்வார்கள். ஈ.வி.ஏ.வைத் தேய்த்தால் நார் நாராகப் பிரியும். ஆகவே மறுபடி சூடு காட்டி, பின்பல்லில் கொஞ்சம் கூடுதலாகக் கடிப்பது ஒன்றே வழி.

முதல் வாரம் எச்சில் ஊறித் தலையணை நனையும், அது தானாக அடங்கும். ஈறில் புண் வந்தால் அங்கே உரசும் விளிம்பைக் கொஞ்சம் வெட்டிவிடுங்கள். காலையில் கழற்றியதும் பத்துப் பதினைந்து நிமிஷம் கடி பொருந்தாதது போல இருப்பது சகஜம். ஒரு மணி நேரம் ஆகியும் பல் பொருந்தவில்லை, அல்லது நாளுக்கு நாள் அந்த நேரம் நீள்கிறது என்றால் அன்றைக்கே நிறுத்திவிடுங்கள்.

இரண்டாவது மாதத்தில் ஆட்கள் இரண்டாகப் பிரிவார்கள். சிலருக்குத் தாடை வலி குறைந்திருக்கும். வேறு சிலருக்கு முன்னைவிடக் கூடியிருக்கும். மெத்தென்ற பொருள் வாய்க்குள் இருந்தால் சிலருக்கு மெல்லும் ஆசை வந்துவிடுகிறது. பபிள்கம் மாதிரி ராத்திரி முழுக்க அரைப்பார்கள். 1987-இல் அமெரிக்கப் பல் மருத்துவர் ஒகேசன் 10 பேரிடம் தூக்கத்தில் தாடைத் தசை அசைவை அளந்து பார்த்தார். கடினமான தட்டு 8 பேருக்கு அசைவைக் குறைத்தது, மென்மையானது 5 பேருக்குக் கூட்டியது. சின்ன ஆய்வுதான், ஆனால் கடை கார்டு போட்டு வலி கூடியவர்கள் சொல்வதோடு அப்படியே ஒத்துப்போகிறது. எட்டு வாரத்தில் வலி கூடியிருந்தால் இன்னொரு பிராண்டைத் தேட வேண்டாம்; பிராண்டில் கோளாறு இல்லை, பொருளின் குணமே அது.

வலி குறைந்தவர்கள் கார்டை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். லேசாகக் கடிப்பவரின் கார்டில் ஆறு மாதம் ஆனாலும் குழிகள்தான் இருக்கும். ஓங்கிக் கடிப்பவரின் கார்டு ஒன்று முதல் மூன்று மாதத்தில் ஓட்டையாகும். நகத்தால் அழுத்தினால் மறுபக்கம் புடைக்கிற அளவு மெலிந்ததுமே மாற்றிவிட வேண்டும். கிழிந்து துண்டு உள்ளே போகும்வரை காத்திருக்கக்கூடாது.

இங்கேதான் கணக்கு. 350 ரூபாய் கார்டு வருஷத்துக்கு இரண்டு என்றால் 700. லாபம், சந்தேகமே இல்லை. இரண்டு மாதத்துக்கு ஒன்று என்றால் 2,100. இரண்டு வருஷத்துக்கு 4,200. அளவெடுத்துச் செய்யும் தட்டின் விலை அதற்குள்ளேயே அடங்கிவிடும். அதாவது யாருக்குப் பாதுகாப்பு அதிகம் தேவையோ அவருக்குத்தான் மலிவு கார்டு விலை கூடியதாக முடிகிறது.

பராமரிப்பில் வடசென்னைக்கென்று ஒரு தொந்தரவு உண்டு. எண்ணூர், திருவொற்றியூர்ப் பக்கம் போர் தண்ணீரில் தினமும் கழுவினால் உப்புப் படிந்து, எச்சிலில் இருக்கும் சுண்ணாம்பும் சேர்ந்து, ஒரு மாதத்தில் கார்டு வெள்ளை பூத்துவிடும். சமையல் வினிகரும் கேன் தண்ணீரும் சம அளவு கலந்து 20 நிமிஷம் ஊற வைத்தால் கரைந்துவிடும்; வாரத்துக்கு ஒருமுறை போதும். தினமும் கழுவ, பச்சைத் தண்ணீர், ஒரு சொட்டு கைகழுவும் சோப்பு, மெத்தென்ற பிரஷ். பேஸ்ட் போட்டுத் தேய்த்தால் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழுந்து நாற்றம் அதில் தங்கும். வெந்நீர் கூடவே கூடாது, அச்சு குலைந்துவிடும். சித்திரை வெயிலில் ஜன்னல் திண்டிலோ வண்டி டிக்கியிலோ வைத்தாலும் அதே கதிதான். ஈரம் துடைத்து, ஓட்டை போட்ட டப்பாவில் மூடி வையுங்கள். திறந்து வைத்தால் கரப்பான் ஏறும். அதற்குமேல் விவரிக்க வேண்டாம்.

ஆடும் பல், கழற்றி மாட்டும் பல்செட், கம்பி, பல்மேல் மூடியாகப் போட்டு லூஸான கேப் இருப்பவர்கள் வெந்நீர் கார்டைத் தொடவே கூடாது. இளகிய பிளாஸ்டிக் கேப்பின் இடுக்கில் புகுந்து இறுகினால், கழற்றும்போது கேப்பும் சேர்ந்து வரும். குழந்தைகளுக்கும் வாங்காதீர்கள், பல் விழுந்து முளைக்கும் வயதில் தாடையை அச்சில் அடைப்பது தப்பு. பெரும்பாலும் வளர வளர அவர்களுக்கு நின்றுவிடும். வயிற்றில் பூச்சி இருந்தால் பல் கடிப்பார்கள் என்று ஆயா சொல்லிப் பூச்சி மாத்திரை கொடுத்திருப்பார். பூச்சிக்கு அது நல்லது, பல்கடிக்கு அதை நம்பி உட்கார வேண்டாம்.

பெரியவர்களில் பலத்த குறட்டையும் பகலில் தூங்கி விழுவதும் சேர்ந்திருந்தால், தூக்கத்தில் மூச்சுத் தடைபடுகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். ஃப்ளூவாக்ஸெடின், செர்ட்ராலின் மாதிரி மனநல மாத்திரை ஆரம்பித்த பிறகு பல்கடி வந்திருந்தால் எழுதிக் கொடுத்த டாக்டரிடம் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். சாயங்காலத்துக்குமேல் டீ, சரக்கு, சிகரெட் மூன்றும் பல்கடியைக் கூட்டும்.

செலவே இல்லாத ஒன்றும் இருக்கிறது. பகலில் வண்டி ஓட்டும்போதும் போனைப் பார்க்கும்போதும் பல் கடித்திருக்கிறதா என்று கவனியுங்கள். உதடு சேர்ந்து, பல் விலகி, நாக்கு அண்ணத்தில் ஒட்டியிருப்பதுதான் ஓய்வு நிலை. போன் கவரில் ஒரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டி, அதைப் பார்க்கும்போதெல்லாம் தாடையைத் தளர்த்துங்கள். ராத்திரிக் கடிக்கு இது அவ்வளவாக உதவாது, பகல் கடிக்கு நன்றாகவே உதவும். கூச்சத்துக்கென விற்கும் பொட்டாசியம் நைட்ரேட் பேஸ்ட் கூச்சத்தை மட்டும் அடக்கும், தேய்மானத்தை அல்ல.

கார்டு மூன்று மாதத்துக்குள் ஓட்டையானவர்களும் வலி கூடியவர்களும் கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும் தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரிக்குப் போகலாம். காலை ஓ.பி.க்கு நேரத்தோடு போய் வரிசையில் நில்லுங்கள். அளவெடுக்க ஒரு நாள், வாங்கிப் பொருத்த ஒரு நாள் என்று ஒன்றுக்கு மேற்பட்ட முறை அலைய வேண்டிவரும். போகும்போது ஓட்டை விழுந்த பழைய கார்டைக் குப்பையில் போடாமல் டப்பாவோடு கொண்டு போங்கள். எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது, எந்தப் பல் துளைத்திருக்கிறது என்று டாக்டருக்கு வாயால் சொல்வதைவிட அது தெளிவாகக் காட்டிவிடும்.